எந்தப் பாத்துக்கலாம்?

எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தபோது என் மகள் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். அவள் படித்து முடித்து வெளியூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அது ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. குழாய் என்றால் ஒழுகத்தானே செய்யும், இதில் என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரர் ஊரிலேயே பெரிய குழாய்க்கடை வைத்திருந்தார். அதுதான் விசேஷம்.

கடையோடு நிற்கிற ஆளாக இருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நகரசபை உறுப்பினர் வேறு. ஒரு தடவை தேர்தலில் நிற்கச் சொன்னார்கள், நின்றார். அதற்குப் பிறகு ஊர் அவரை உட்காரவே விடவில்லை. குடிநீர்க் குழு, நூலகக் குழு, பேருந்து நிலையக் குழு என்று எதற்கெல்லாம் குழு உண்டோ அதிலெல்லாம் அவர் இருந்தார். காலையில் கடையைத் திறந்துவிட்டு நகரசபைக்கு ஓடுவார். மதியம் மறுபடி கடை. சாயந்திரம் யார் வீட்டு மொட்டை மாடியிலாவது தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வரும்போது ஆள் மட்டும்தான் வருவார், பேச்சு மூச்சு இருக்காது.

யார் என்ன கேட்டாலும் அவர் வாயில் ஒரே சொல்தான். "பாத்துக்கலாம்." கடைசியில் அதுவே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. "பாத்துக்கலாம் கடையில போய் ஒரு வால்வு வாங்கிட்டு வா" என்று சொன்னால் ஊரில் எல்லோருக்கும் புரியும்.

இந்தச் சொல்லை நீங்கள் அலுவலகங்களில் கேட்டிருப்பீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "பாத்துக்கலாம்" என்றால், நாம் வந்த காரியத்தை மறந்துவிட்டு வீடு போய்ச் சேர வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் கடை மேசைக்குப் பின்னால் நின்று சொன்னால் கதையே வேறு. காரியம் முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கப் போகலாம். ஆனால் அதே மனிதர் அதே வாயால் வீட்டில் சொன்னால், அலுவலக அர்த்தம்தான். ஆக எங்கள் ஊரில் இரண்டு பாத்துக்கலாம் இருந்தன. கடைப் பாத்துக்கலாம் ஊருக்கு. வீட்டுப் பாத்துக்கலாம் எனக்கும் என் மகளுக்கும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "செய்றேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா உங்களுக்கு?"

"செய்றேன்னு சொன்னா நான் மட்டும்தான். பாத்துக்கலாம்னா நீயும் வரணும், நானும் வரணும். ஒத்தை ஆளா இந்த ஊர்ல ஒரு பள்ளத்தை மூட முடியுமா, சொல்லு?"

"அப்ப சமையலறைக் குழாய்க்கு நானும் கூட வரணுமா?"

"அது பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மகளை அவர் "வாஷர்" என்றுதான் கூப்பிடுவார். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாள். "சின்னதுதான், ஆனா அது இல்லேன்னா எந்தக் குழாய்லயும் ஒழுக்கு நிக்காது" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் கடையிலேயே வளர்ந்தாள். மற்ற பிள்ளைகள் பொம்மைக்கு அழுதால் இவள் புது மோட்டார் வந்திறங்கினால் பிரித்துப் பார்க்க அழுவாள். கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவியே இது அரை இஞ்சு, இது முக்கால் இஞ்சு என்று சொல்வாள். படித்ததும் தண்ணீர் ஏற்றும் எந்திரங்களைப் பற்றித்தான்.

படிப்பு முடிந்து வந்தவள் ஒரு மதியம் நேராகக் கடைக்குப் போனாள். அவர் ஏதோ ஒரு மோட்டாரைக் கழற்றிப் போட்டுக் குனிந்திருந்தாராம். "அப்பா, இனிமே கடையை நான் பாக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் தலையை நிமிர்த்தாமலே "பாத்துக்கலாம்மா" என்று சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்றாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்துக்கலாம்னு சொல்லிட்டாரும்மா" என்றாள். இரண்டு பேரும் குழாயைப் பார்த்துச் சிரித்தோம். அதற்கு மேல் அதில் பேச என்ன இருக்கிறது? மறு வாரமே வெளியூர் போய் ஒரு நேர்முகத் தேர்வை முடித்து, வேலையோடு திரும்பி வந்தாள்.

அவள் போய் வந்த அந்த இடைவெளியில்தான் கடையில் இன்னொரு கூத்து நடந்தது. பழைய மேசை உளுத்துப்போய்விட்டது என்று தச்சரைக் கூப்பிட்டுப் புது மேசை போட்டார். என் வீட்டுக்காரர் பனைமரம் மாதிரி உயரம். தச்சர் போட்டுக் கொடுத்த மேசை அவர் இடுப்புக்குக்கூட வரவில்லை. அவர் அதன் முன்னால் நிற்பதைப் பார்த்தால் பாத்திரம் தேய்க்கக் குனிந்த ஆள் மாதிரி இருந்தது. வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவை சிரித்துவிட்டுத்தான் சாமான் கேட்பார்கள். தச்சரைக் கூப்பிட்டு நான் கிழி கிழி என்று கிழித்தேன். "அளக்குற டேப்பை உங்க வீட்டு ஆடு தின்னுடுச்சா?" என்றுகூடக் கேட்டேன். அந்த மனிதர் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், "அளவு கொஞ்சம் தப்பிடுச்சு அண்ணி" என்றார். மாற்றிப் போடச் சொன்னேன். "பாத்துக்கலாம்" என்றார் இவர். அன்றிலிருந்து அந்தக் குட்டை மேசையில் குனிந்து குனிந்தே இவருக்கு இடுப்பு வலி வந்தது. நான் தைலம் தேய்க்கும்போதெல்லாம் தச்சருக்கும் சேர்த்து அர்ச்சனை நடக்கும்.

அந்த இடுப்பு வலிதான் சில வருஷம் கழித்துக் கடையை மூடும் வரைக்கும் கொண்டுவந்து விட்டது. இந்தத் தடவை தேர்தலில் நிற்கவில்லை என்று சொல்லிவிட்டார். பக்கத்து மருந்துக்கடைக்காரர் ரொம்ப நாளாக இடம் போதாமல் நெருக்கடியில் இருந்தார். ஒரு நாள் வந்து, "அண்ணே, கடையை விடறதா இருந்தா எனக்குத்தான்" என்று கேட்டார். இவர் கடை மேசைக்குப் பின்னால் நின்றபடி சொன்னார், "பாத்துக்கலாம்."

கடையில் வைத்துச் சொன்ன சொல். ஆக முடிந்த காரியம். அடுத்த மாதம் சாவியைக் கொடுப்பதாகப் பேச்சு.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். மனிதர் இனி வீட்டில் இருப்பார், குழாய்க்கு விடிவு வரும். ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கடை என் மகளுடையது என்று அவள் பிறந்ததிலிருந்தே மனதில் போட்டு வைத்திருந்தேன். அவள் லீவு போட்டு வந்தபோது கடை வாசல் வரைக்கும் போனாள், உள்ளே ஏறவில்லை. வெளியே நின்று பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். "வேற யாரையாவது வச்சு நடத்துவாருன்னு நெனச்சேன்மா. ஒரேயடியா மூடிடுவாருன்னு நெனைக்கல" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சளி பிடித்திருக்கிறது என்றாள். சளியும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? பெண்கள் பள்ளி மண்டபத்தில் அவருக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். வர மாட்டேன் என்று அடம்பிடித்தவரை நானும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூட்டிப் போனோம். இவர் நாற்காலி நுனியில், பல் பிடுங்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

முதலில் தலைமையாசிரியை பேசினார். "நான் இந்த ஊருக்குப் புதுசா வந்தப்ப பள்ளிக்கூடத்துல தண்ணி கிடையாது. இவர்கிட்ட போய்ச் சொன்னேன். பாத்துக்கலாம்னாரு. எனக்கு வந்ததே கோவம்! இவரு தட்டிக் கழிக்கிறாருன்னு மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போட்டுட்டேன். அந்தப் புகாரை விசாரிக்க ஒரு அதிகாரி வந்தாரு. வெயில்ல வந்தவரு முகம் கழுவணும்னாரு. புதுக் குழாயைத் திறந்து விட்டோம்." மண்டபம் குலுங்கியது. "என் புகாரை நானே கிழிச்சுப் போட வேண்டியதாப் போச்சு. ஐயா, இத்தனை வருஷம் கழிச்சுச் சொல்றேன், ரொம்ப நன்றி."

அடுத்து சந்தையில் காய்கறி விற்கிற அக்கா மேடையேறினார். பேசத் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "ஒரு சொம்பு தண்ணி குடுங்க" என்று கேட்டார். கொடுத்தார்கள். மைக் முன்னால் நின்று, நிதானமாக, சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

"சந்தையில உக்கார்ற பொம்பளைங்க நாங்க முன்னாடி விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயுற வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டோம்" என்றார். "குடிச்சா எங்க போறது? நாக்கு ஒட்டிக்கும், அடி வயித்துல வலி வரும், வாயைத் தொறந்து யாருகிட்டயும் சொல்லவும் முடியாது. பஸ் ஸ்டாண்டுல பொம்பளைங்களுக்குக் கழிப்பறை வேணும்னு இவருதான் நகரசபையில மல்லுக்கு நின்னாரு. கக்கூஸ் கவுன்சிலர்னு கேலி பண்ணாங்க. கட்டி முடிச்சாரு. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் சரியா விழுதான்னு தன் சம்சாரத்தைக் கூட்டிட்டு வந்து பாக்கச் சொன்னாரு. இப்ப நாங்க தண்ணி குடிக்கிறோம். அவ்வளவுதாங்க."

அக்கா இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தவள் நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே கூட்டிப் போகிறார் என்று நல்ல துணி உடுத்திக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குக் கூட்டிப் போனார். ஒரு வாரம் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றைக்கு மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு, இதைவிட நல்ல இடத்துக்கு என்னை யாரும் கூட்டிப் போனதில்லை என்று நினைத்தேன்.

அப்புறம் வந்தார் தச்சர். என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மைக்கைப் பிடித்தார். எனக்குத் திக்கென்றது.

"அண்ணன் எல்லாருக்கும் நல்லது செஞ்சாரு. எனக்கு மட்டும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்தாரு" என்றார். கூட்டம் சிரித்தது. "அந்தக் குட்டை மேசை! ஊர்ல யாருக்கு மேசை செய்யப் போனாலும், 'டேப்பைச் சரியாப் பிடிப்பா'ன்னு கிண்டல். அண்ணி எனக்கு விட்ட டோஸ் இருக்கே, அதைச் சொல்லி மாளாது. அண்ணனே கடையை விடறேன்னுட்டாரு. இனிமே நான் ஏன் வாயை மூடிட்டு இருக்கணும்? அளவு தப்பே இல்லீங்க. நான் வழக்கம்போல அவரு உயரத்துக்குத்தான் அளந்தேன். அவருதான் டேப்பைப் பிடிச்சுக் கீழே இறக்கினாரு. 'எனக்கு வேணாம்ப்பா, வாஷரோட முழங்கை உயரத்துக்குப் போடு. இனிமே நிக்கப் போறது அவதானே'ன்னாரு. ஆனா மேசை வந்து இறங்கின அன்னிக்கே பாப்பா வெளியூர் வேலைன்னு வந்து நின்னுச்சு. 'யாருகிட்டயும் சொல்லிடாதே, அது சந்தோஷமாப் போகட்டும்'னாரு. சரின்னு நானும் தப்பை ஏத்துக்கிட்டேன்."

அவர் அதற்கு மேல் என்ன பேசினார் என்று எனக்குக் காதில் ஏறவில்லை. என் மகள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

"அம்மா" என்றாள். "அன்னிக்கு அப்பா சொன்னது எந்தப் பாத்துக்கலாம்மா?"

"நீ எங்க நின்னு கேட்டே?"

"மேசைக்கு இந்தப் பக்கம். வாங்க வர்றவங்க நிக்கிற பக்கம்."

கடையில் கேட்டதை இவள் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒழுகுகிற குழாய்க்கு முன்னால் நின்று அர்த்தம் பார்த்துவிட்டாள். நானும் கூட நின்று சிரித்தேன்.

கூட்டம் முடிந்து எல்லோரும் அவரைச் சூழ்ந்து நின்றபோது அவள் இடித்துக்கொண்டு உள்ளே போனாள். "ஏம்ப்பா சொல்லல?"

"என்னத்தம்மா சொல்ல? வேலை கெடச்சிருச்சுன்னு அப்படிச் சிரிச்சுக்கிட்டே வந்தே."

"அழுதா நல்லா இருக்காதேன்னு சிரிச்சேன்ப்பா."

அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். ஊரில் எந்தத் தெருவில் எந்தக் குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று மேலே நடந்தே சொல்லிவிடுகிற மனிதர். பெற்ற பெண் முகத்தில் அத்தனை வருஷமும் கோட்டை விட்டிருந்தார்.

"எனக்கு இப்பவும் கடை வேணும்ப்பா" என்றாள்.

அவர் கை அவள் தலைக்குப் போய், பாதியில் நின்றது. மெதுவாகத் திரும்பி மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். "வாக்கு குடுத்துட்டேனேம்மா" என்றார். அவர் வாழ்நாளில் கடைப் பாத்துக்கலாம் ஒன்றுகூட வீண் போனது கிடையாது. அதைப் பொய்யாக்கச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அத்தனை பேர் நடுவில் நாங்கள் மூன்று பேரும் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றோம்.

மருந்துக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "அண்ணே, எங்க தெருச் சாக்கடை அடைச்சு என் கடைக்குள்ள முழங்கால் தண்ணி நின்னப்ப, நீங்க உள்ள இறங்கினீங்க. மருந்துப் பெட்டியெல்லாம் உங்க குடோன்ல கொண்டுபோய் அடுக்கினீங்க. ஞாபகம் இருக்கா?"

"அதுக்கென்ன இப்ப?"

"அந்த குடோன் போதும் எனக்கு. நடுச் சுவத்துல ஒரு கதவு வச்சுக்கறேன். கடைக்குன்னு நீங்க சொன்ன பாத்துக்கலாமை இதோ, இத்தனை பேர் முன்னாடி திருப்பிக் குடுத்துட்டேன். பத்திரமா வாங்கி உள்ள வைங்க." அப்புறம் என் மகளைப் பார்த்து, "ஆனா குடோன் கூரை ஒழுகுதும்மா. அதை நீதான் பாக்கணும், சொல்லிட்டேன்" என்றார்.

பக்கத்தில் நின்ற மருந்துக்கடைக்காரர் மனைவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். இந்த ஊர் என் வீட்டுக்காரரை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டே இருக்கிறது என்று எத்தனையோ நாள் முணுமுணுத்திருக்கிறேன். எடுத்ததையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து வைத்திருந்து அன்றைக்குக் கையில் கொடுத்தார்கள். தச்சரிடம் போய், நாளைக்கு வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னேன். "டேப்பு எடுத்துட்டு வரட்டுமா அண்ணி?" என்றார் குறும்பாக.

மறுநாள் காலை மூன்று பேருமாகப் போய்க் கடையைத் திறந்தோம். மகள் மேசைக்குப் பின்னால் போய் நின்றாள். முழங்கையை ஊன்றினாள். தோள் ஏறவும் இல்லை, முதுகு வளையவும் இல்லை. அவளுக்கென்றே காத்திருந்த மேசை, அத்தனை வருஷமாக அவரைக் குனிய வைத்தபடி. இவர் வாசல் பக்கம் திரும்பி நின்று, பிளாஸ்டிக் பைப்புகளை எண்ணுவது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் விடுவேனா? சுற்றிக்கொண்டு மேசைக்கு இந்தப் பக்கம், வாங்க வருகிறவர்கள் நிற்கிற பக்கம், வந்து நின்றேன். அந்த இடத்தில் நின்று நான் அதுவரை ஒன்றும் கேட்டதில்லை.

"என் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகுதுங்க" என்றேன்.

அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "பாத்துக்கலாம்" என்றார்கள், ஒரே குரலில்.

மதியத்துக்குள் இரண்டு பேரும் கருவிப் பெட்டியோடு வந்துவிட்டார்கள். அவர் கீழே உட்கார்ந்து விளக்கைப் பிடித்தார், அவள் ரெஞ்சைப் பிடித்தாள். வாஷர்தான் போயிருந்தது. புதிதாக ஒன்றைப் போட்டு, திறந்து, மூடிக் காட்டினாள். சொட்டவில்லை. சமையலறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை.

அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஊரே மேடை போட்டு நன்றி சொல்லிடுச்சு. உன் வாயிலேர்ந்து மட்டும் ஒண்ணும் வரலையே?"

அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பாத்துக்கலாம்" என்றேன்.

மகள் சிரித்துவிட்டாள். "எந்தப் பாத்துக்கலாம்மா?"

"கடைப் பாத்துக்கலாம்தான்" என்றேன்.